நாலாவது ஹைட்ரஜன்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன், தங்கைகள் இருவர் எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், அதற்குச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி முகத்தில் அடித்தது. சின்னவள் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயர் வேண்டாமாம். "மூணு பேர் பேரு போதும்ப்பா, நான் அப்புறமா வந்தவன்தானே" என்கிறாய். தாயில்லாமல் மூன்று பிள்ளைகளோடு நான் நின்ற வீட்டுக்கு நாலு வயதில் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய், அதை யாரும் மறைக்கவில்லை. பெரியப்பா போனில் உனக்கு ஏதோ ஓதியிருக்கிறார் என்று தெரியும், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ என் பரீட்சைக் கதையைக் கேள்.

இருபத்தாறு வருஷமாகக் கல்லூரி வேதியியல் லேபில் குடுவை கழுவுகிறேன், உதவியாளராக உயர வேண்டுமானால் தேர்வு எழுது என்கிறார்கள். இந்த வயதில் எதற்கு என்றாள் உன் அம்மா, எழுதியே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். சின்னவள்தான் வாத்தியார். அணுக்கள் எப்படிச் சேர்கின்றன என்பது பாடம். உப்பில் சோடியம் ஒரு எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, அதனால் எதிரெதிர் மின்னூட்டம் வந்து ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன, அது அயனிப் பிணைப்பு. தண்ணீரில் அப்படியில்லை, ஆளுக்கு ஒன்று போட்டு இருவரும் பொதுவில் வைத்துக்கொள்வது, அது சகப்பிணைப்பு. செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லார் வீட்டிலும் புகுந்து புறப்படும், நம் அத்தை மாதிரி என்றாள் சின்னவள். சிரித்த சிரிப்பில் என் கண்ணாடி விழுந்து ஒரு பக்கத்துக் கம்பி உடைந்துவிட்டது, நூல் கட்டித்தான் இதை எழுதுகிறேன்.

அமோனியா புட்டியையும் அமிலப் புட்டியையும் பக்கத்தில் வைத்துத் திறந்தால் வெள்ளைப் புகை வருமே, சின்ன வயதில் லேபுக்கு வந்து இன்னொரு தடவை என்று நச்சரிப்பாயே, ஞாபகம் இருக்கிறதா. அது படிந்த பொடியைச் சனிக்கிழமைதோறும் புட்டிக் கழுத்திலிருந்து துடைக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அமோனியாவில் ஒரு நைட்ரஜன், ஆளுக்கொரு எலெக்ட்ரான் போட்டுச் சேர்ந்த மூன்று ஹைட்ரஜன். நைட்ரஜனிடம் இன்னும் ஒரு ஜோடி எலெக்ட்ரான் சும்மா இருக்கிறது. அமிலத்திலிருந்து நாலாவது ஹைட்ரஜன் வெறுங்கையோடு வருகிறது, நைட்ரஜன் அந்த ஜோடியை எடுத்து நடுவில் வைத்து இது நம் இருவருக்கும் என்கிறது. ஈதல் சகப்பிணைப்பு என்று பெயர்.

மாதிரித் தேர்வில் கேள்வி வந்தது, அந்த நாலில் பின்னால் சேர்ந்த பிணைப்பை எப்படி அடையாளம் காண்பாய் என்று. புத்தகத்தில் அதற்கு மட்டும் அம்புக்குறி போட்டிருந்ததை வைத்து அரைப்பக்கம் வெளுத்து வாங்கினேன். தாளைத் திருத்திய எங்கள் லேப் பேராசிரியை அம்மா முட்டை போட்டுவிட்டார். "அம்பு நாம காகிதத்துல போடுறதுண்ணே. சேர்ந்த பிறகு நாலும் ஒரே நீளம், ஒரே பலம். எது பின்னால வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். முட்டை வாங்கியதற்கு வெட்கப்படவில்லை, உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேனே, அன்றைக்கே நான் சரியாக எழுதிய விடைதான் அது. அந்த அம்பை நீ புதிதாக வரையாதே.

அச்சகத்தில் நாலு பெயரும் கொடுத்தாயிற்று, வயது வரிசையில் உன் பெயர் இரண்டாவது. பெரியப்பா கேட்டால் அவருக்கும் இதே பாடத்தை முதலிலிருந்து எடுப்பேன், பாதியில் ஓடிவிடுவார். ஒரு வாரம் முன்னதாகவே லீவு சொல்லிவிட்டு வா, பந்தல்காரரிடம் பேச ஆள் வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
நாலு பிள்ளை பெற்ற உன் அப்பா