பிரேக்கில் இருந்த கால்

மார்ச் 3
வலது கால் இன்றும் மரத்துக் கிடக்கிறது. உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவே பஞ்சு வைத்த மாதிரி. ஆளாளுக்கு வைத்தியம். "கால்மேல கால் போடாதீங்கன்னா கேக்கறீங்களா?" என்கிறாள் மனைவி. சர்க்கரைதான் என்று அடித்துச் சொல்கிறான் மருமகன். ஷூ இறுக்கமாம், நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் முதலாளி சொல்கிறார். என் காலைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

மார்ச் 9
சர்க்கரை இல்லை. மருமகனுக்கு என்னவோ ஏமாற்றம்!

மார்ச் 14
முதுகு ஸ்கேனில் நரம்பு எங்கும் நசுங்கவில்லை. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வலி இல்லேல்ல? அப்ப வயசுதான்" என்றார். வயசுன்னா ரெண்டு காலுக்கும் ஒரே வயசுதானே? இதைக் கேட்காமல் வந்துவிட்டேன். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

மார்ச் 20
எழுதவே கை கூசுகிறது. தையற்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு இன்று வகுப்பு. மேட்டில் வண்டி உறுமி உறுமி நின்றது. "ஆக்சிலரேட்டர் குடும்மா! காதுல விழுதா இல்லையா?" என்று கத்தினேன். அவள் கண் கலங்க என் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"சார்... உங்க கால்தான் பிரேக்குல இருக்கு."

கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கு. அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். தெரியவே இல்லை. நாளைக்கு அழுத்தாமலே அழுத்தினதா நெனச்சுக்கிட்டா? அந்தப் பொண்ணு கதி? ரோட்டைக் கடக்கறவங்க கதி?

மார்ச் 21
இனி வண்டியில் உட்கார மாட்டேன் என்று முதலாளியிடம் நானே சொல்லிவிட்டேன். சுவரில் சாலைக் குறிகளைக் காட்டிப் பாடம் எடுக்கிறேன். அவமானமாக இருக்கிறது.

மார்ச் 27
வேறொரு டாக்டரம்மா. "என்னென்ன மாத்திரை போடறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கூட வந்த மனைவி சும்மா இருப்பாளா? "தெனம் காலையில நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு முழுங்கறீங்களே, அது என்ன மிட்டாயா?"

வருஷக்கணக்காக, யாரையும் கேட்காமல், கடையில் வாங்கிப் போடுவது. அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மார்ச் 29
ரத்தத்தில் பி12 வைட்டமின் ரொம்பக் குறைவு; அது குறைந்தால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகுமாம். அது குறைந்ததற்கு அந்த நெஞ்செரிச்சல் மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாமாம். ஊசி ஆரம்பித்தாயிற்று. "மெதுவாத்தான் தேறும். முழுசா சரியாகும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

ஏப்ரல் 22
ஊசி குத்திய இடம் வலிக்கிறது. கால் அப்படியே. சே.

ஜூன் 6
சமையலறையில் மனைவி பின்னால் நகர்ந்தவள் என் வலது காலை மிதித்துவிட்டாள். "ஆ!" என்று அலறினேன்.

"ஐயையோ, வலிச்சிடுச்சா?"

"எங்க, இன்னொரு தடவை மிதி" என்றேன்.