படத்தில் காண்க

மார்ச் 3
பார்வையற்றோர் நூலகத்துக்காகப் பொது அறிவியல் புத்தகத்தை வாசித்துப் பதிவுசெய்கிறேன். இன்று ஆறாம் பாடம், சூரியக் குடும்பம். ‘வியாழன்’ என்ற இடத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் விரலைச் சுழற்றினார், மறுபடி படி என்று.

காலையிலிருந்து மாலைவரை மைக்கிடம் பேசுகிறேன். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க வேலையில்லை. என் கணவர் போய்ப் பதினான்கு மாதம்.

மார்ச் 4
புதனுக்கும் வெள்ளிக்கும் துணைக்கோள் கிடையாது. குடும்பத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் ஒண்டிக்கட்டை.

மார்ச் 19
அலுவலகத்துக்கு ஒரு பெண் ஃபோன் செய்தாள். அரசு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளராம். பிறவியிலேயே பார்வை இல்லை. நாற்பது வயதில் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறாள்.

“சூரியக் குடும்பம் படிச்சது நீங்கதானே மேடம்? அஞ்சு தடவை ‘படத்தில் காண்க’ன்னு சொல்றீங்க. நான் எங்க போய்க் காணட்டும்?”

“அச்சுல இருக்கிறதைத்தான் படிக்க முடியும்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். வைத்துவிட்டாள். எனக்கு ஏன் அவ்வளவு கோபம்?

மார்ச் 20
அவ கேட்டதுல என்ன தப்பு? ஒண்ணுமில்ல. நான்தான்.

மார்ச் 23
அந்தப் படத்தை இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். படமே பொய்! எட்டுக் கோள்களும் கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்பதுபோல் தோளுரசி நிற்கின்றன. கணக்குப் போட்டேன். சூரியன் கால்பந்து என்றால் பூமி ஒரு கடுகு, நாற்பது எட்டு எடுத்து வைக்கும் தூரத்தில். நிலா ஒரு மணல் துகள், கடுகிலிருந்து நாலு விரல் தூரம். வியாழன் பெரிய கோலிக்குண்டு, இருநூறு எட்டு. கடைசியில் நெப்டியூன், ஒரு பட்டாணி, ஆயிரத்து இருநூறு எட்டு. நடுவில் எல்லாம் வெறும் வெளி.

மார்ச் 24
இதைப் பதிவில் சேர்க்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். “புத்தகத்துல இல்லாததைச் சேர்க்கக் கூடாதும்மா. அப்புறம் ஆளாளுக்குச் சேர்ப்பாங்க.” அவர் சொல்வதும் நியாயம்தான்.

மதியம் மருத்துவமனைக்கு ஃபோன் அடித்தேன். எடுத்தது அவளேதான். “வணக்கம், யாரோட பேசணும்?”

“உங்களோடதான்” என்றேன். “யாரும் என்னோட பேசணும்னு அடிச்சதில்ல மேடம்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மார்ச் 29, ஞாயிறு
வந்தாள். கால்பந்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். அதை வலைப்பையில் போட்டு வாசல் கதவில் மாட்டிவிட்டு நடந்தோம். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள் எண்ணினாள். நாற்பதில் உள்ளங்கையில் கடுகை வைத்தேன். “இதுலயா நாம எல்லாரும் இருக்கோம்? இதுக்குள்ளயா இவ்வளவு சண்டை?” என்று சிரித்தாள். தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டுமே.

வியாழனுக்குப் பிறகு பேச்சு குறைந்தது. மருந்துக் கடை, பள்ளிச் சுவர், பெட்ரோல் பங்க்... எண்ணிக்கை மட்டும். ஆயிரத்து இருநூறில் பேருந்துப் பணிமனை வாசல். பட்டாணியைக் கொடுத்தேன். உருட்டிக்கொண்டே நின்றாள்.

“திரும்பிப் பாருங்க மேடம். பந்து தெரியுதா?”

பார்த்தேன். “தெரியல.”

“அப்ப இங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது, நடுத்தெருவில். அவள் முழங்கையை விடவில்லை.

நெப்டியூனிலிருந்து பார்த்தாலும் நிஜச் சூரியன் பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியுமாம். சொல்ல விட்டுப்போயிற்று. நாளைக்கு ஃபோனில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12
அவள் அறையில் ஏழாம் பாடம் படித்துக் காட்டினேன். வரிக்கு வரி “இருங்கக்கா, இருங்க, அது எப்படி?” என்று மறிக்கிறாள். மூன்று மணி நேரத்தில் இரண்டே பக்கம்.