மூன்று கிலோவாட் வீடு

ருஜ்ஜேரோ,

அப்பாவை அக்கா மிரெல்லா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பாஸ்தாவும் பயறும் சமைத்து வைத்திருக்கிறேன். கேஸ் அடுப்பிலேயே சூடாக்கிக்கொள்.

நேற்று நான் வேலைக்குப் போனபின் வாஷிங் மெஷினையும் ஓவனையும் ஒன்றாகப் போட்டிருக்கிறாய். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவாட் இழுக்கும். நம் மீட்டர் மூன்றுக்கு மேல் தாங்காது என்று சொன்னால், "அதான் மாசாமாசம் பில்லு கட்டுறோம்ல!" என்பாய். மாதம் முழுக்க எவ்வளவு செலவழித்தோம் என்பதற்குத்தான் பில். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதுதான் கிலோவாட். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

மீட்டரின் சுவிட்ச் விழுந்து கரண்டு போனது, அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷினும் நின்றது. டிவி போய்விட்டதென்று நீ பந்தாட்டம் பார்க்க பாருக்குக் கிளம்பிவிட்டாய். முற்றத்தில் அந்த மீட்டரைத் தாண்டித்தான் போயிருக்கிறாய். சுவிட்சை ஒரு விரலால் தூக்கிவிட்டிருக்கலாம். மெஷினின் அலாரம் கேட்டுக் கீழ்வீட்டு தோஸ்கா ஓடிவந்தபோது அப்பாவுக்கு உதடெல்லாம் நீலம் பாரித்திருந்ததாம்.

வீட்டுச் சாவி தோஸ்காவிடம் இருக்கிறது. அவளிடம் சண்டைக்குப் போகாதே.

இன்னொன்று. அப்பாவைக் காரில் உட்காரவைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஏறும்போது அவர் சொன்னார்: "மாப்பிள்ளைய ஏசாதம்மா. நான் வந்து இந்த மெஷின போட்டதுலேருந்துதான் உங்க வீட்டுல கரண்டு பத்தல." அவர் மெஷின் வெறும் முந்நூறு வாட், ருஜ்ஜேரோ. அதை நீயே வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்வரை நாங்கள் திரும்பப்போவதில்லை.

லொரெதானா