உன்னையும் சேர்த்து எண்ணு

இன்று மத்தியானம் மருமகள் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சினாள். புளியும் செத்தல் மிளகாயும் மீன்தலையும் ஒன்றாய்க் கொதிக்கும் மணம் விறாந்தை வரை வந்தது. கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு உன்னோடு கதைக்க இருந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகப் போகிறது. எனக்கு இன்னும் உன்னோடு வாய் ஓயவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு நல்லூரில் ஒரு வீட்டில்தானே நாம் சந்தித்தோம். நான் சண்டையால் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், நீ மயிலிட்டியிலிருந்து. எனக்கு மாதா, உனக்கு முருகன். இருவர் வீட்டு ஆண்களுக்கும் கடலுக்குப் போக வழியில்லை. ஒரே வயது என்பதால் முதல் நாளே 'எடி' போட்டுக் கதைக்கத் தொடங்கிவிட்டாய். அந்தச் சைவத் தெருவில் மீன்வாசம் முன்பக்கம் போகக் கூடாதென்று பின்வளவில் அடுப்பு மூட்டினோம். வீட்டுக்கார அம்மா யன்னலைச் சாத்திக்கொண்டாரே தவிர, ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவரையும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

மீன் கிடைப்பதே அருமையான காலம். கொஞ்சம் கிடைத்தால் கூழ்தான். தண்ணீரைக் கூட்டினால் எல்லாருக்கும் காணும். பனையோலையைக் கோலிய பிளா ஆளுக்கொன்று, பானையைச் சுற்றியிருந்து குடிப்போம். அகப்பை என் கையில். அகப்பை பிடிப்பவள் கடைசியாகக் குடிப்பதுதான் எங்கள் வீடுகளின் வழக்கம். கடைசியில் பானையில் ஒன்றும் இராது. யார் கேட்டாலும் "நான் குடிச்சிட்டன்" என்பேன். அது பொய்யென்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

அப்போது என் மகன் கைக்குழந்தை. ஓயாமல் அழுவான். கடையில் பால்மா இல்லை, என்னிடமும் பால் வற்றிக்கொண்டு வந்தது. என் மாமி, கண்பட்ட நாவூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார். நான் செபமாலை சொன்னேன். பிள்ளை மெலிந்துகொண்டே போனான்.

ஒருநாள் எல்லாரும் குடித்து எழும்பிய பிறகு நீ என் பிளாவைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"இது காய்ஞ்சுபோய்க் கிடக்கு. நீ எதிலை குடிச்சனி?"

நான் வெறும்பானையைக் கழுவத் திரும்பினேன்.

"ஆக்களை எண்ணிப்போட்டுத்தானே உலை வைச்சனி? எண்ணிக் காட்டு பாப்பம்."

எண்ணினேன். மாமா, மாமி, ஆண்கள், உன் பிள்ளைகள், நீ. அதோடு நிறுத்திவிட்டேன்.

"எடி விசரி, உன்னை விட்டுப்போட்டாய். உன்னையும் சேர்த்து எண்ணு. உன்னிலை உனக்கு இரக்கம் இல்லாட்டில் உந்தப் பிள்ளைக்கு எங்காலை பால் வரும்?"

என்னைப் பெற்றவள்கூட அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அடுத்த முறை அகப்பையை நீ பறித்துக்கொண்டாய். முதல் பிளா என் கைக்கு வந்தது. "சமைச்சவள் முதல் குடிக்கிறதோ?" என்று மாமி முணுமுணுத்தார். "அவள் உப்புப் பாக்கிறாள், மாமி" என்றாய், முகம் மாறாமல். பிளா நிறைய உப்புப் பார்த்தவள் யாழ்ப்பாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கூழ் இறக்கினால், "உப்புப் பாத்திட்டியோ பிள்ளை?" என்று அவரே கேட்பார். கொஞ்ச நாளில் பால் ஊறியது. மகன் அழாமல் உறங்கினான். இன்றைய கூழ் அவன் ஆசைப்பட்டுக் கேட்டதுதான்.

பல வருடம் கழித்து, ஆமி பிடித்து வைத்திருந்த காணி திரும்பக் கிடைத்து நீ மயிலிட்டிக்கே போனாய். உன் செத்தவீடும் அங்கேதான். அயல்வீட்டில் சமைத்தார்கள், பழக்கம்போல அகப்பை என்னிடம் வந்து சேர்ந்தது. செய்தி கேட்ட நேரம் முதல் என் வாயில் ஒன்றும் படவில்லை. உன் மகள் வீங்கிய முகத்தோடு வந்து, "சாப்பிட்டியளோ அன்ரி?" என்றாள்.

ஓம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன்.

"இல்லைப் பிள்ளை. நீயும் சாப்பிட்டிருக்கமாட்டாய். வா, இரு."

முற்றத்தில் சனம் காத்திருந்தது. பானையின் முதல் சோற்றை இரண்டு தட்டில் போட்டேன். நானும் உன் மகளும் அடுப்படியில் இருந்து, அழுதழுது, வயிறாரச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறினேன்.