அண்ணி கேட்ட கச்சேரி

மார்ச் 3, செவ்வாய்

இவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆபீஸில் தணிக்கையாம். துறைமுக நகரத்துக்கு இரண்டு டிக்கெட், கடலைப் பார்த்த அறை, பழைய சுங்க மாளிகையில் ஞாயிறு மாலைக் கச்சேரி – எல்லாம் எத்தனை மாதமாக ஆசை ஆசையாய் ஏற்பாடு செய்தது!

“வீணாப் போக வேண்டாமே. அக்காவைக் கூட்டிட்டுப் போயேன்” என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

தலையைத் தூக்காமல் இவர் சொல்வதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயங்கள்.

மார்ச் 4, புதன்

பூனை வெளியே வந்துவிட்டது. அண்ணி – இவர் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவேன் – குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள். இனி எங்களோடு இருக்கட்டும் என்பது இவர் எண்ணம்.

“கட்டாயமில்ல. நாலு நாள் கூட இருந்து பாரு. திரும்பி வந்து சரின்னா சரி, இல்லன்னா இல்ல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ஒன்றும் சொல்லாத இவரோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அண்ணி தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவர். யாராவது பேசாமல் இருந்தால் லைன் கட்டாகிவிட்டது என்று பதறுகிற ரகம். நான் நகராட்சியில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவள். வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றே சொல்லலாம். அவர் வந்தால், நான் தனியே உட்கார்ந்து வரைகிற மூலை அறையும் போகும்.

போகட்டும், நகரத்தையாவது பார்ப்போம். பூமிக்கு அடியில் ஓடுவதையே வரைந்து வரைந்து, பூமிக்கு மேலே மனிதர்கள் கட்டியதைப் பார்க்க ஏங்கிப் போயிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

ரயிலில்.

“அண்ணி, கொஞ்ச நேரம் படிக்கட்டுமா?”

“தாராளமாப் படிம்மா. சத்தமாப் படி, நானும் கேக்கறேன்.”

நகரத்தின் வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து அலைதடுப்புச் சுவரின் வரலாற்றை இரண்டு பக்கம் உரக்க வாசித்தேன். எதிர் சீட்டுக்காரர் எழுந்து போனார். திரும்பவே இல்லை.

மார்ச் 7, சனி

வணிகர் தெரு! படத்தில் பார்த்ததைவிட அழகு. மூன்று மாடிக் கல் வீடுகள், மரத்தாலான மாடங்கள், வாசல் வளைவுகளில் கப்பல்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உப்புக் காற்றில் கப்பல்களின் மூக்கெல்லாம் கரைந்துபோய்விட்டது.

“இந்த மாடம் கட்டி முந்நூறு வருஷமாச்சு அண்ணி. கப்பல் வருதான்னு இங்கேருந்துதான் பாப்பாங்களாம்.”

“துணி காயப் போட்டா சீக்கிரம் காஞ்சிடும், இல்ல?”

வளைவுகளின் விகிதத்தைப் பற்றி மட்டும் விளக்கிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி இல்லை. தெருக்கோடிவரை தேடினேன், படகுத்துறையில் விசாரித்தேன். ஆளைக் காணோம். இவருக்கு என்ன பதில் சொல்வேன்? உங்கள் அக்காவைத் தொலைத்துவிட்டேன், அதனால் அறைப் பிரச்சினை தீர்ந்தது என்றா?

“ஏம்மா, இங்க!”

தலைக்கு மேலே, அதே மாடத்தில், கையில் காபியோடு அண்ணி! பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள் எனக்கும் சேர்த்துக் கையசைக்கிறார். பாத்ரூம் போக வேண்டியிருந்ததாம், கதவைத் தட்டினாராம்.

“உள்ள ஒரு மாடிப்படி இருக்கு பாரு, சங்கு மாதிரி சுத்திச் சுத்திப் போகுது. நீ பாக்கலியா?”

அந்த மாடிப்படியைப் பார்க்க வெளியார் யாருக்கும் அனுமதி கிடையாது என்று புத்தகம் சொல்கிறது. அண்ணி அதில் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறார். நான் கேட்டைத் தாண்டவில்லை.

முடிவு செய்துவிட்டேன். முடியாது. இவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

கச்சேரி முடிந்தது. எழுத மனமில்லை.

மார்ச் 9, திங்கள்

எழுதித்தான் தீர வேண்டும். நேற்று காலையிலிருந்து கலங்கரை விளக்கம், கிடங்குத் தெரு, கோட்டை என்று அலைந்துவிட்டு மாளிகையின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கைக் குறைத்தார்கள். அடுத்து எனக்குத் தெரிந்தது கைதட்டல்.

தூங்கிவிட்டேன். நான்! எதற்காக வந்தேனோ அதையே தவறவிட்டுவிட்டேன்!

இன்று காலை படகுத்துறைப் படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் அண்ணி எழுப்பல?”

“நீ முழிச்சிருக்கும்போது நெத்தி எப்பவும் சுருங்கியே இருக்கு. நேத்துத்தான் விரிஞ்சு பாத்தேன். மனசு வரல. குறட்டைதான் கொஞ்சம் ஜாஸ்தி. முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பி முறைச்சாங்க. உடனே நானும் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கற மாதிரி சாஞ்சுட்டேன். என்னைத்தான் தட்டினாங்க.”

“அப்ப நீங்களும் கேக்கலியா?”

“காது முழிச்சுத்தானே இருந்துச்சு? கேளு. அந்தப் பெரிய வயலின், முழங்காலுக்கு நடுவுல வச்சு வாசிச்சாரே, அது ஏதோ கேட்டுச்சு. சின்ன வயலின் பதிலே சொல்லல. பெரிசு திரும்பக் கேக்குது, குரலைத் தாழ்த்தி, கெஞ்சற மாதிரி. குழல் நடுவுல வந்து சமாதானம் பண்ணப் பாத்துச்சு. ‘உன் வேலையப் பாரு’ன்னு ரெண்டும் சேந்து அதை விரட்டிடுச்சுங்க. அப்புறம்தான் ஒண்ணோட ஒண்ணு பேசவே ஆரம்பிச்சுது.”

நடுநடுவே பாடியும் காட்டினார். சகிக்கவில்லை. கட்டுமரக்காரர் ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆனால் நான் வாங்கிப் படித்த எந்தப் புத்தகமும் இசையை இப்படிச் சொன்னதில்லை.

“சின்ன வயலின் கடைசியில என்ன சொல்லுச்சு?”

“சரின்னுச்சா, சரி சரி விடுன்னுச்சா... புரியறதுக்குள்ள நிறுத்திட்டாங்க.” பிறகு, அலையைப் பார்த்துக்கொண்டே: “நீ எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தேன்னு தெரியும்மா. தம்பி என்கிட்டயும் அதையேதான் சொன்னான். ‘நாலு நாள் அவகூட இருந்து பாருக்கா. ஒத்து வரலன்னா வேற வீடு பாத்துத் தரேன்.’”

அடப்பாவி மனுஷா!

“நீங்க... என்ன சொல்லப் போறீங்க அண்ணி?”

“தெரியலம்மா. நேத்து வரைக்கும் வேண்டாம்னுதான் இருந்தேன். கட்டடத்துக்கிட்ட நீ காட்டற பிரியத்துல பாதிகூட மனுஷங்ககிட்ட காட்ட மாட்டேங்கறே. யோசிக்கணும்.”

மார்க் போட வந்தவள் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவளும் நானேதான். பாஸா ஃபெயிலா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏன் இத்தனை அவசரம்? நேற்றுவரை வேண்டாம் என்றிருந்தது நான்தானே?

மார்ச் 10, செவ்வாய்

திரும்பும் ரயிலில் நானாகவே பேச்சை ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது குழாய்தான். எந்தச் சரிவில் வைத்தால் அடைக்காது என்று விளக்கினேன். அண்ணி நன்றாகத் தூங்கினார். நான் எழுப்பவில்லை.

மார்ச் 11, புதன்

“என்ன முடிவு?” என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

“நான் சரின்னுட்டேன். உங்க அக்கா என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல. எனக்கு எத்தனை மார்க்குன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

தலை தூக்கப்பட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

அண்ணியிடமிருந்து தகவல் இல்லை. பேச்சே மூச்சாக இருப்பவர் இப்போது மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

மார்ச் 14, சனி

சரியாம்! மூலை அறை மட்டும் வேண்டாமாம். “அதுல உக்காந்தா வீட்ல ஒரு சத்தமும் கேக்காது.” கூடத்தில் ஒரு திரை போட்டால் போதும் என்கிறார். இவருடைய டிவியைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது இவர் கவலை.

ஏப்ரல் 26, ஞாயிறு

அண்ணி, தன்னோடு வேலை பார்த்த தோழி வீட்டுக்குப் போயிருக்கிறார். வர இரண்டு நாளாகும். “அப்பாடா, வீடு எவ்ளோ அமைதியா இருக்கு!” என்று இவர் காலை நீட்டினார். நானும் ஆமாம் என்றேன். ஒரு வரைபடத்தை எடுத்து வைத்தேன். பென்சிலைச் சீவினேன். மறுபடி சீவினேன்.

பிறகு அண்ணிக்குப் போன் செய்தேன்.

“என்னம்மா, என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“சரி, சொல்லு.”

போன் சுடும்வரை சொன்னேன்.