பார்க்க ஆளில்லாத ஆட்டம்

மேசைமேல் ஒரு வாள் கிடக்கிறது. ரப்பர் நுரையை வெட்டி, பசை போட்டு ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்த வாள். அந்தப் பசை நெடி இரண்டு நாளாக வீட்டைவிட்டுப் போக மாட்டேனென்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

செய்தது என் பேத்தி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவுக்கு வந்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை ஏதோ மலைத் தோட்டத்தில் நாற்பது பேர் கூடுகிறார்களாம். இரண்டு நாளைக்கு யாரும் அவரவர் ஆளில்லை. ஒருவர் ராஜா, ஒருவர் வைத்தியர், ஒருவர் ஒற்றர். போன தடவை செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற கப்பலாம். அதற்கு முன்னால் ஒரு பங்களாவில் கொலையாம்.

"நாடகமா?" என்று கேட்டேன்.

"நாடகம் இல்ல தாத்தா. வசனம் கிடையாது, ஆடியன்ஸ் கிடையாது. நாங்களேதான் எல்லாம். இது இப்பதான் வந்திருக்கு, உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

இப்போதுதான் வந்திருக்கிறதாம்! நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அந்த எரிச்சலை உன் ஒருத்தனிடம்தான் சொல்ல முடியும். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. வசதியாகப் போய்விட்டாய்.

நினைவிருக்கிறதா, எழுபத்தேழோ எழுபத்தெட்டோ, ஓட்டப்பிடாரத்திலிருந்து நாம் திரும்பி வந்த பஸ் நடுவழியில் நின்றுபோனது. சுற்றிலும் வெடித்துக் கிடந்த கரிசல். ஒரு வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக வளர்ந்தவன் நீ, திடீரென்று என் பக்கம் திரும்பி, முன்பின் பார்த்திராத ஆள்போல, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்றாய். முதலில் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, நான் ஒரு மாட்டு வைத்தியன் என்றும், மகளைத் தேடிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். அடுத்த பஸ் வரும்வரை மூன்று மணி நேரம் அந்த மாட்டு வைத்தியனாகவே இருந்தேன். இல்லாத மகளுக்காக, போகிற வண்டியை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். பஸ் ஏறியதும் நீ தோளில் தட்டி, "நல்லாருந்துல்லா?" என்றாய். நன்றாகத்தான் இருந்தது.

அதற்கு நீ வைத்த பெயர் ஆளாட்டம். தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதிய உனக்கும், மில்லில் டைம் ஆபீசில் இருந்த எனக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த, பருத்திக்கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பாக்டரியை நீதான் கண்டுபிடித்தாய். பலசரக்குக் கடை அருணாசலம் அண்ணாச்சியைச் சேர்த்துக்கொண்டோம். என் மில்லில் பிட்டராக இருந்த ராசையா வந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் தங்கச்சி செல்லத்தாயைக் கூட்டி வந்தாய். நான் உன்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "பொம்பளப்பிள்ளைய எதுக்குலே கூட்டியாந்தே? ஊரு பேசும்" என்றேன். "அவ வீட்ல தையல் மிஷினுக்கு முன்னால குத்தவச்சிருக்கதுக்கு இங்கன வரட்டும்" என்றாய். அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒன்றிலாவது நீ சரியாக நடந்துகொண்டாய்.

எத்தனை விதமான ஆட்டம்! பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒருநாள் புயலில் அகப்பட்ட கப்பல். குடிக்க ஒரு குடம் தண்ணீர்தான் மிச்சம். யாருக்கு எவ்வளவு என்று கேப்டனாக இருந்த நீ பங்கு வைத்தாய். கப்பல் சமையல்காரரான அண்ணாச்சி தன் பங்கைக் காய்ச்சல்காரனான ராசையாவுக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சித்திரை வெயிலில் சாயங்காலம்வரை நிஜமாகவே பல்லில் தண்ணீர் படாமல் இருந்தார். இன்னொரு நாள் வேறொரு கிரகத்தில் இறங்கினோம். அதற்கு ஒரு சாமானும் வேண்டியிருக்கவில்லை. ஒரு புல் இல்லாமல், கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்த தரையைப் பார்த்துக்கொண்டு ஐந்து பேரும் பேசாமல் நடந்தோம், அவ்வளவுதான். தினம் பார்க்கிற நிலத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

கோர்ட் ஆட்டத்தில் செல்லத்தாய் நீதிபதி. கிட்டங்கிக்குத் தீ வைத்ததாக என்மேல் வழக்கு. அவள் கேட்ட கேள்விகளை வக்கீல்கூடக் கேட்டிருக்க மாட்டான். "தீ பிடிச்சதும் ஓடினேன்னு சொல்லுதீரு. எந்தப் பக்கம் ஓடினீரு? கிணத்துப் பக்கமா, ரோட்டுப் பக்கமா?" ரோட்டுப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். கிணற்றுப் பக்கம் ஓடாதவனுக்கு ஏழு வருசம் என்றாள். இரண்டு மூன்று நாள் மில்லில் யார் முகத்தையும் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நாடகம் போட்டால் என்ன என்று அண்ணாச்சி ஒருமுறை கேட்டபோது நீ சொன்னது இது: "பாக்க ஆள் இருந்தா அது நடிப்பு அண்ணாச்சி. நமக்கு அது வேண்டாம்." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நீ என்னைப் படுத்திய பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

கோட்டை முற்றுகை ஆட்டத்துக்கு வருகிறேன். விறகுக்காகும் காய்ந்த பருத்திமார்க் கட்டுகளை அடுக்கி மதில் கட்டினோம். தீப்பெட்டி பண்டல் வரும் கள்ளிப்பெட்டிப் பலகையை அறுத்து ஆளுக்கொரு வாள். கோட்டைத் தளபதி செல்லத்தாய். உள்ளே அவளும் அண்ணாச்சியும். வெளியே நீயும் நானும் ராசையாவும். சரணடையச் சொல்லி நீ தூது போனாய். அவள் மதில்மேல் ஏறி நின்று, "கோட்டைய எடுத்துக்கிடும். உள்ள இருக்க சனத்துல ஒருத்தர் மேல கை வைக்க மாட்டோம்னு உங்க ராசா எழுதித் தரட்டும். அதுவரைக்கும் இந்தக் கதவு தொறக்காது" என்றாள். நீ வாளைத் தாழ்த்தினாய். ஆட்டத்தில் தாழ்த்தினாயா, நிஜத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

பருத்திமார் பொறுக்க வந்த பெண்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் ஒன்றில் அந்த வாரம்தான் அடிதடி நடந்திருந்தது. ஆயுதத்தோடு ஆட்கள் ஓடுகிறார்கள் என்று சேதி போய், மத்தியானம் மூன்று மணிக்கு ஐந்து பேரும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் கூட்டம். செல்லத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அவளைப் பெண் பார்க்க அடுத்த வாரம் புதியம்புத்தூரிலிருந்து வருவதாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பலகை வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னவே இது?" என்றார்.

"வெளையாட்டு சார்" என்றாய்.

"உமக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

"இந்தப் பிள்ளை யாரு?"

"என் தங்கச்சி சார். அவதான் கோட்டைக்குத் தளபதி."

அவர் முகம் மாறியது. "நாலு ஆம்பளைங்க, ஒரு பொம்பளப்பிள்ள, பாழடைஞ்ச பாக்டரி. வெளையாட்டுங்கீரு. யாரு பாக்கதுக்கு?"

"யாரும் பாக்கதுக்கு இல்ல சார்" என்றாய் நீ.

உண்மைதான். ஆனால் அந்த உண்மை அந்த இடத்தில் எப்படிக் கேட்டது என்று உனக்கு ஏன் உறைக்கவில்லை? வாசலில் இருந்த கூட்டத்தில் எவனோ சிரித்தான். நான் எழுந்துவிட்டேன்.

"அவன் பயத்துல ஒளறுதான் சார். கோயில் கொடைக்கு நாடகம் போடுதோம், ஒத்திகை பாத்தோம். அந்தப் பிள்ளை உடுப்புத் தைக்க அளவெடுக்க வந்துது."

அவர் பெருமூச்சு விட்டார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நம்ம கோயில் கொடைக்கா? வீட்டுக்காரியக் கூட்டிட்டு நானும் வாரேன்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்து நீ சொன்ன முதல் வார்த்தை "நன்றி" இல்லை. "ஏன்லே பொய் சொன்னே?" என்றாய்.

பொய் அதோடு போனதா? மறுநாளே கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் அண்ணாச்சி கடைக்கு வந்துவிட்டார்கள். இனி மாட்டேன் என்றால் செல்லத்தாய் பேர் மறுபடியும் நாறும். நீ முடியாது என்று நான்கு நாள் முரண்டு பிடித்தாய். அவள்தான் உன்னை இணங்க வைத்தாள். முற்றுகை ஆட்டத்தில் அவரவர் பேசியதையே நோட்டில் எழுதி நாடகமாக்கினோம். தளபதி வேடம் உனக்கு. உனக்கான உடுப்பை அவள் தைத்தாள். என் வாயிலிருந்து வந்த பொய்யை அவள் கையால் நிஜமாக்கினாள்.

கொடையன்று விளக்கு வைத்த நேரத்தில் நாடகம் தொடங்கியது. முன் வரிசையில் சப்-இன்ஸ்பெக்டர் குடும்பம். நீ மதில்மேல் ஏறினாய். கப்பல் கேப்டனாக நாள் முழுக்கப் பேசியவன், அத்தனை முகங்களைப் பார்த்ததும் சிலையாகிவிட்டாய். "ஏலே, வாயத் தொற!" என்று எவனோ கத்தினான். கூட்டம் சிரித்தது. எதிரில் தூதனாக நின்ற நான் என் வரியை இன்னொரு தடவை சொன்னேன்.

படுதாவுக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்ற செல்லத்தாய்தான் எடுத்துக் கொடுத்தாள். "கோட்டைய எடுத்துக்கிடும்." நீ சொன்னாய். "உள்ள இருக்க சனத்துல ஒருத்தர் மேல..." நீ சொன்னாய். ஒவ்வொரு வரியாக, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைபோல. கடைசி வரிக்குக் கூட்டம் எழுந்து கைதட்டியது. அடுத்த வருசமும் நீங்கதான் என்று கமிட்டித் தலைவர் உன் கழுத்தில் மாலை போட்டார். நான் சந்தோஷத்தில் உன்னிடம் ஓடி வந்தேன். நீ மாலையைக் கழற்றி என் கையில் திணித்து, "பாக்க ஆள் கொண்டாந்துட்டேல்லா? சந்தோசமா?" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்டரிக்குப் போனால் காம்பவுண்டுச் சுவர்மேல் பத்துப் பேர். ஒத்திகை பார்க்க வந்தார்களாம், மடியில் கடலையோடு. அதற்கடுத்த வாரம் இருபது பேர். மூன்றாவது வாரம் நீ வரவில்லை. உன் வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொன்னாய்.

அப்புறம் நமக்குள் நடந்ததெல்லாம் ஒரே சண்டைதான். டீக்கடையில், கல்யாண வீட்டில், ரயில்வே ஸ்டேஷனில், எங்கே பார்த்தாலும் அதுதான். "இன்னும் ரெண்டு நிமிசம் விட்டிருந்தா அவருக்குப் புரிய வச்சிருப்பேன்" என்பாய். "ரெண்டு நிமிசத்துல உன் தங்கச்சி பேரு சந்தி சிரிச்சிருக்கும்" என்பேன். "நீ எங்க நாலு பேரையும் வித்துட்டே" என்பாய். செல்லத்தாய்க்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, புதியம்புத்தூரில் பத்து மிஷின் போட்டுத் தையல் கம்பெனி நடத்துகிற அளவுக்கு வந்தபிறகும் நாம் அதே சண்டையைப் போட்டோம். கடைசிப் பத்து வருசம் அதுவும் இல்லை. தெருவில் கண்டால் தலையை அசைத்துக்கொண்டோம். வேறு ஆட்களைச் சேர்த்து, வேறு இடம் பார்த்து, மறுபடி ஆடியிருக்கலாம். ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் நான் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருப்பேன். நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் பதினாறாம் நாளுக்கு வந்திருந்தேன். சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. செல்லத்தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளிடமாவது நியாயம் கிடைக்கட்டும் என்று, "நீயே சொல்லும்மா, அன்னிக்கு டேசன்ல நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டேன்.

அவள் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அண்ணே, அந்த பெஞ்சுல நானும்தான இருந்தேன்" என்றாள். "அண்ணன் அவன் நியாயத்தச் சொன்னான், நீங்க உங்க நியாயத்தச் சொன்னீய. அப்புறம் நாப்பது வருசம் ரெண்டு பேரும் மாறி மாறிச் சண்டை போட்டீய. நான் என்ன சொல்லியிருப்பேன்னு ஒருத்தராச்சும் கேட்டியளா?"

"இப்ப கேக்குதேன். என்ன சொல்லியிருப்பே?"

"இப்ப கேட்டா எப்படித் தெரியும்?" என்றாள். "அன்னிக்கு வாயில இருந்துது. உடுப்புத் தைக்க வந்தவளுன்னு நீங்க சொன்ன பிறகு, தைக்க வந்தவ என்னத்தப் பேச?" ரசம் வாளியை வாங்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டுமென்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துடித்தேன். நீ இல்லை என்பது வாசல்படியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உனக்கென்று நான் சேர்த்து வைத்த பதில்கள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருக்கின்றன. எந்த நேரத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். அவளுக்குச் சொல்லத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.