மலைக்குள் போனால் மலை தெரியாது

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் கொண்டல் காற்று. துணி காயவில்லை. மூட்டை கட்டினேன்: அவல், கருப்பட்டி, மெழுகுவர்த்தி நாலு, தீர்த்தக் குப்பி, காடாத் துணியில் தைத்த பை ஒன்று. பை என் வீட்டுக்காரர் எலும்புக்கு. கல்லறைத் தோட்டத்தில் தெற்குச் சுவரோரம் இடம் தருவதாகச் சாமியார் சொல்லிவிட்டார்.

காட்டுக்குள் போகச் சீட்டு கிடைப்பதற்கே ஒன்றரை வருசம். அவர் தோணி கட்டுகிற ஓடாவி. தோணிக்கு மரம் தேடி மலைக்குப் போனவர், காய்ச்சல் கண்டு செத்து, அங்கேயே புதைத்தும் ஆகிவிட்டது. நான் முகம் பார்க்கவில்லை.

கொழுந்தன் சூசை கூட வருகிறான். தோணியில் சுக்கான் பிடிக்கிறவன். அப்போது சேதி கேட்டு ஓடிப்போய்க் குழிமேட்டைப் பார்த்தவன் எங்கள் பக்கத்தில் அவன் ஒருவன்தான். மரம் வெட்டின ஆட்கள் கலைந்து போய்விட்டார்கள். இடம் தெரியுமா என்று மறுபடியும் கேட்டேன்.

"கணியம் பாத்து வச்சிருக்கேன் மதினி. கொழுக்கட்டை மலை உச்சிக்கு நேர் கீழ, சிலுவை வெட்டுன வேங்கை மரம். அது மூட்டுலதான் அண்ணன்."

கடலுக்கடியில் சிப்பி கிடக்கிற பார் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். கரையில் கோயில் கோபுரம், பின்னால் மலை உச்சி, இரண்டையும் நேர் வைத்துப் பார்ப்பார்கள், அதுதான் கணியம். சரி என்று விட்டேன்.

பூனையைப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாயிற்று.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரயில். மணியாச்சியில் மாறினோம். பனை குறைந்து வயல் வந்தது. கொழுக்கட்டை மலை சன்னலில் கூடவே வந்தது. எங்கள் ஆட்கள் வைத்த பேர் அது. கடலிலிருந்து பார்த்தால் ஒற்றை மலை, நீலம். கிட்ட வர வர இரண்டாகி, நாலாகி, முதுகுக்குப் பின்னால் வேறொன்று எட்டிப் பார்த்தது. எது உச்சி என்று சூசை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தான்.

எதிரில் வெற்றிலைக்காரி ஒருத்தி. எங்கே என்று விசாரித்துவிட்டு, "ஏளா, அட்டை ஏறும். சுண்ணாம்பு வச்சுக்கோ" என்று மடித்துக் கொடுத்தாள்.

அம்பாசமுத்திரம் சத்திரத்தில் படுக்கை. மூட்டைப்பூச்சி.

பிப்ரவரி 21, புதன்

சோதனைச் சாவடி. காட்டிலாகா கார்டு எங்கள் சீட்டை இரண்டு தடவை வாசித்தார். பாஸ் இல்லாமல் காட்டிலிருந்து ஒரு குச்சிகூட வெளியே போகக்கூடாதாம். விறகு, தேன், மூங்கில், கல், எதுவும். எலும்புக்கு என்று சூசை கேட்டான். சீட்டில் எலும்பு என்று எழுதியிருக்கிறது, எலும்பு மட்டும் போகலாம் என்றார். குரல் உயர்த்தவில்லை. சட்டம் பேசுகிற ஆள்.

வழிகாட்ட மல்லன் என்கிற காணிக்காரர், மலையிலேயே குடியிருக்கிறவர். எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அடிவாரத்தில் முள்ளும் கள்ளியும், எங்கள் ஊர்த் தேரிக்காடு மாதிரி. கொஞ்சம் ஏறினதும் இலை உதிர்ந்த மரங்கள். காலடியில் சருகு நொறுங்கின சத்தம். ஒரு ஓடையைத் தாண்டினோம், வெயில் நின்றுவிட்டது. அதற்கு மேல் எல்லாம் ஈரம். பாறையில் பாசி, மரத்தில் பாசி, மரத்தின் மேலேயே வேறு செடி. பூனை அளவு அணில் ஒன்று, செம்பட்டை நிறம், மரத்துக்கு மரம் பறந்தது. யானை லத்தி, அதிலிருந்து முளைத்த நாற்று.

மலைக்குள் வந்த பிறகு மலையைக் காணவில்லை. மேலே இலைதான். சூசை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி என்றான். கொழுக்கட்டை மலை எது என்று மல்லனைக் கேட்டான். அப்படி ஒரு மலை இங்கே கிடையாதாம். சிரித்தார்.

மழை இல்லாத மாசத்திலும் இந்த இலைகள் பனிமூட்டத்தைப் பிடித்துச் சொட்டுமாம். ஆற்றுக்கு அதுதான் கோடைத் தண்ணீர். அந்த ஆறு புன்னைக்காயலில் கடலில் விழுகிறது என்று நான் சொன்னேன். மல்லன் கடலைப் பார்த்ததில்லை.

அட்டை கடித்தது தெரியவில்லை. சேலையில் ரத்தம் கண்ட பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்பு உதவியது.

பிப்ரவரி 22, வியாழன்

தோணிக்கு மரம் வெட்டின இடத்துக்கு மல்லன் கொண்டுவந்து சேர்த்தார். உச்சி தெரிந்தது. மரம் இல்லை, அதனால் தெரிந்தது. சரிவு முழுக்க வெட்டின அடிமரம். யுத்தத்துக்கு வெட்டினது பாதி, தோணிக்கு மீதி என்றார் மல்லன்.

சூசை ஒரு கண்ணை மூடி உச்சியைப் பார்த்து நேர் பிடித்துக்கொண்டே நடந்தான். ஒரு வேங்கை அடிமரம். வெட்டின முகத்தில் பால் சிவப்பாகக் காய்ந்திருந்தது. வேர்மூட்டில் சிலுவை. உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். மண்வெட்டியை எடுக்கச் சொன்னேன்.

அப்போது கீழே இருந்து மல்லன் கூப்பிட்டார். அங்கே ஒரு அடிமரத்திலும் சிலுவை. அதற்குக் கீழேயும். மேலே போய்ப் பார்த்தேன், அங்கேயும்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பட்டறையில் தோணியின் முதுகெலும்பான ஏரா மரம் போடும்போது அவர் முதல் வெட்டு சிலுவைதான் வெட்டுவார். இங்கே பிடித்த மரத்துக்கெல்லாம் வாச்சியால் அதையே வெட்டி வைத்திருக்கிறார், ரம்பம் விழாத உயரத்தில். சூசை கடலுக்குப் போகிறவன், பட்டறைப் பழக்கம் தெரியாது. குழிக்காக வெட்டின சிலுவை என்று நினைத்து, வேறு அடையாளம் ஒன்றும் நடாமல் வந்துவிட்டான். உச்சிக்கு நேர் கீழே ஒரு கோடு பிடித்தால், அந்தக் கோட்டிலேயே எத்தனையோ சிலுவை.

எனக்குக் கோபம். "கடல்ல ஒத்த அடையாளத்த நம்பி எவனாவது வலை போடுவானாலே?"

"கடல்னா ரெண்டு பாத்திருப்பேன் மதினி. அன்னிக்குக் கண்ணு பூரா தண்ணி. ஒண்ணுதான் தெரிஞ்சுது."

மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு நானும் தேடினேன்.

மேடு எங்கேயும் இல்லை. யானை கட்டி மரம் இழுத்த தடம், பன்றி கிளறின மண், இரண்டு மழைக்காலத்து வெள்ளம். மல்லன் சாயங்காலம் வரை குனிந்து குனிந்து தேடினார். மனுசன் தோண்டின மண்ணில் வேறு செடி முளைக்குமாம். இங்கே எல்லா மண்ணும் தோண்டின மண்தான்.

பிப்ரவரி 23, வெள்ளி

விடிந்ததும் குளிர். கஞ்சி இல்லை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி.

மண்வெட்டி தேவைப்படவில்லை. சிலுவை உள்ள ஒவ்வொரு அடிமரமாகப் போய், மூட்டிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்தேன். சூசை பையைப் பிடித்துக்கொண்டு வந்தான். சில அடிமரத்தில் துளிர். ஒன்றில் பால் இன்னும் ஈரம், கையில் ஒட்டிக்கொண்டது, கழுவியும் போகவில்லை. அவர் வெட்டு எப்போதும் போலத்தான். நெடுக்கு ஆழம், குறுக்கு லேசு.

தீர்த்தம் எல்லாவற்றுக்கும் சொட்டுச் சொட்டாகச் சரியாக வந்தது. செபம் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. மரங்களைப் போய் எல்லாருக்கும் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய மூக்குப் பறவை ஒன்று. பறக்கும்போது தோணியில் பாய் இறக்குகிற சத்தம்.

பிப்ரவரி 24, சனி

இறக்கம். முழங்கால் வலி. பையை நானே தூக்கினேன். எலும்பு என்று சொல்லிவிடுவோம் என்றான் சூசை. வேண்டாம் என்றேன்.

சாவடியில் அதே கார்டு. பையை அவிழ்த்துக் கைவிட்டுப் பார்த்தார். மண்ணுக்குச் சீட்டில் இடம் இல்லை என்றார். நடந்ததைச் சூசை சொன்னான். கார்டு உள்ளே போய்ப் பாஸ் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"என்ன பொருள்னு எழுதணும்மா."

"மிக்கேல் ஓடாவி, தூத்துக்குடி" என்றேன்.

அப்படியே எழுதினார். எடைக் கட்டத்தை வெறுமனே விட்டார். மையை ஊதிக் காயவைத்துக் கிழித்துக் கொடுத்தார்.